கம்பு இல்ல, தட்டுக்கழி

அது முழங்கால்ல இடிக்குதாம்மா? பொறுங்க, இந்தப் பக்கமா மாத்தி வச்சுக்கிறேன். மேல வைக்கலாம்தான். ஆனா இந்த டிரைவர் பிரேக் போடுற போடுக்கு யார் தலையிலயாவது விழுந்து வச்சா, அதுக்கும் என்னையத்தான் சொல்வாங்க. இதுவரைக்கும் கேட்ட பேச்சே போதும்.

கம்பான்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னு ஆகுது. கம்பு இல்லம்மா. தட்டுக்கழி. பரதநாட்டியம் சொல்லிக் குடுக்கிறவங்க கையில பாத்ததில்லையா? கீழ ஒரு மரக்கட்டை இருக்கும், தட்டுமனைன்னு பேரு. அது மேல இதால தட்டித்தான் தாளம் போடுறது. நான் தட்டத் தட்டப் பிள்ளைக ஆடும். அவ்வளவுதான் இதோட வேலை. இதைப் போயி கம்பு, தடி, பிரம்பு... ஒருத்தி ஆயுதம்னே சொல்லிட்டா. ஆயுதமாம்!

நீங்க காரைக்குடி வரைக்கும்தானே? நான் திருப்பத்தூர் தாண்டி ஒரு விலக்குல எறங்கணும். நேரம் கெடக்கு. தூக்கம் வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கிறேன். ஆனா கேட்டீங்கன்னா முழுசாக் கேட்டுட்டு, யாரு பக்கம் நியாயம்னு சொல்லணும்.

என் பேரு குமுதவல்லி. மதுரை எல்லீஸ் நகர்ல டான்ஸ் கிளாஸ் வச்சிருக்கேன். குமுதவல்லி டீச்சர்னா அந்தப் பக்கம் ஆட்டோக்காரங்களுக்கே தெரியும். என்கிட்டப் படிச்ச பிள்ளைக வெளிநாட்டுல எல்லாம் கிளாஸ் நடத்துதுக. அப்பிடி இருந்த எனக்கு இந்த வயசுல போயி ஒரு பயிற்சியில சேரணும்னு என்ன தலையெழுத்து? போன வருசம் ஒரு அம்மா வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாங்க. பிள்ளை காலை மடக்கி அரைமண்டியில ஒழுங்கா உக்காரல, முட்டியில லேசா இதால ஒரு தட்டு. தட்டுன்னா என்ன, தொட்ட மாதிரிதான். அதுக்கு அந்தம்மா தெருவைக் கூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் கிளாஸ் கொஞ்சம் இளைச்சுப் போச்சு. இளைச்சா என்ன, நல்லதுதான், வராதவங்க வராம இருக்கட்டும்.

எம்பொண்ணு சாருலதா பெங்களூர்ல இருக்கா. அவதான் போன்ல சொன்னா. "அம்மா, டான்ஸ் தெரபின்னு ஒரு படிப்பு இருக்கு. அடி உதை பட்ட பிள்ளைக, கண்ணால பாக்கக் கூடாததைப் பாத்த பிள்ளைக, அதுகளுக்கு ஆட்டம் மூலமா சிகிச்சை. மதுரையிலயே ஒரு வருசம் நடத்துறாங்க. நீ போயேன், உனக்கும் நல்லது"ன்னா. எனக்கும் நல்லதுன்னு எதுக்குச் சொன்னாளோ, இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. அவ ஆட மாட்டா. சின்னப் பிள்ளையில ஒருநாள் சலங்கையைக் கழட்டி வச்சவதான், அப்புறம் தொடவே இல்ல. ஏன்னு நான் கேட்டதில்ல. பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு விருப்பம் மாறும், இல்லையா?

சரின்னு சேந்தேன். ஆட்டம்தானே, நமக்குத் தெரியாத ஆட்டமா? அங்க போனா எல்லாம் சின்னஞ்சிறுசுக. சொல்லிக் குடுக்குறவ ஜெசிந்தா மேடம், அவளுக்கே எம்பொண்ணு வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை, அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா பேசுனா பஞ்சுல சுத்திப் பேசுவா. சத்தமே வராது. எனக்கு அப்பிடிப் பேசுறவங்களைக் கண்டா எரிச்சல். முதல் நாளு எல்லாரையும் தரையில படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, "உங்க உடம்பு இப்ப உங்ககிட்ட என்ன சொல்லுது?"ன்னு கேட்டா. ஒருத்தி அழுகுறா. ஒருத்தன் தன் நெஞ்சுல பறவை இருக்குங்கிறான். என் முறை வந்துச்சு. "முட்டி வலிக்குதுன்னு சொல்லுது மேடம், எந்திரிக்கலாமா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. "வலிக்குதுன்னு சொன்னதுக்கு நன்றி"ன்னா! இதுக்கு என்னம்மா பதில் சொல்றது?

அங்க முக்கியமான பாடம் என்னன்னா, பிள்ளை என்ன பண்ணுதோ அதையே நீயும் பண்ணணும். அது கையைத் தூக்குனா நீயும் தூக்கணும். அது குப்புறப் படுத்தா நீயும் படுக்கணும். கண்ணாடி மாதிரி. திருத்தவே கூடாது. திருத்தாம எப்பிடிம்மா? கூன் போட்டு நிக்கிற பிள்ளையைப் பாத்தா என் கை தானாப் போயி முதுகை நிமித்தும். "குமுதவல்லிம்மா, கை"ன்னு ஜெசிந்தா சொல்லுவா. நான் கையை மடக்கி மடியில வச்சுக்குவேன். வாய் சும்மா இருக்குமா? "முதுகு"ன்னு சொல்லிரும். "குமுதவல்லிம்மா, வாய்"ம்பா. இப்பிடியே ஆறு மாசம் ஓட்டுனேன்னு வைங்களேன்.

அதுக்கப்புறம்தான் பிள்ளைக இல்லத்துக்கு அனுப்புனாங்க. இப்ப போறேனே, அங்கதான். வாரத்துக்கு ஒரு தடவை. ரோட்டு மேலயே இருக்கு, பெரிய கம்பி கேட்டு, உள்ள ஒரு ஹால், பின்னாடி தண்ணித்தொட்டி, துவைக்கிற கல்லு. எல்லாம் பொம்பளைப் பிள்ளைக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கும், கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நானும் கேக்கல.

அங்க மேகலான்னு ஒருத்தி. ஒம்பது வயசு இருக்கும், பாத்தா ஏழுதான் சொல்வீங்க. பேச்செல்லாம் நல்லாப் பேசுவா, ஊமைக் கோட்டான்னு நெனச்சிராதீங்க. வாயாடி. ஆனா முதுகைச் சுவத்துல இருந்து எடுக்க மாட்டா. நடந்தாலும் சுவத்தை ஒட்டியே நடப்பா. சாப்பிடுறதுக்குப் பந்தியில உக்காரும்போதும் சுவத்தோரமா எடம் வேணும், இல்லாட்டி தட்டைத் தூக்கிட்டுப் போயிருவா. அவ வீட்டுல ஒரு பெரிய மனுசன் கம்பை எடுத்தா கீழ வைக்க மாட்டானாம். அது எனக்குப் பின்னாடிதான் சொன்னாங்க. முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு கேக்குறீங்களா? இதைத்தான் பண்ணியிருப்பேன். ஏன்னா இது கம்பு இல்ல.

முதல் நாளு நான் தட்டுமனையும் கழியும் கொண்டு போனேன். பிள்ளைகளை வட்டமா உக்கார வச்சுட்டு, ஜெசிந்தா ஒரு ஓரமா உக்காந்து பாக்குறா. நான் மனையைப் போட்டு, தொட்டுக் கும்பிட்டு, தை யா தைன்னு ஆரம்பிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பிள்ளைக சிரிச்சுதுக, ஒண்ணு கையைத் தட்டுச்சு. மேகலா மட்டும் சுவத்தோட சுவரா நகந்து போறா. போயி ஹால் மூலையில இருக்கிற இரும்பு பீரோவுக்குப் பின்னாடி நொழைஞ்சிட்டா. அங்க பல்லி போற எடம்தான் இருக்கும். அதுக்குள்ள எப்பிடிப் போனாளோ! உள்ள இருந்து ஒரு முனகல் வருது, தரையில ஈரம் வருது. பாவம்.

ஜெசிந்தா எந்திரிச்சு, "நிறுத்துங்க குமுதவல்லிம்மா, தட்டாதீங்க"ன்னா. நான் நிறுத்தல. இதைத்தான் இன்னைக்கு வரைக்கும் பெரிய குத்தமாச் சொல்றாங்க, நான் நிறுத்தலன்னு. பிள்ளை பயந்து கெடக்கும்போது எப்பிடிம்மா நிறுத்துறது? நிறுத்துனாத்தானே பயம்! அதனால இன்னும் நல்லாத் தட்டுனேன், வேகத்தைக் கூட்டாம, சீரா, பாரு கண்ணு தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், பயப்படாதேங்கிற மாதிரி. கடைசியில ஜெசிந்தா வந்து என் கையைப் பிடிச்சுக் கழியை வாங்குனா. அந்தப் பஞ்சுக் குரல்காரிக்குக் கையில என்ன பிடிங்கிறீங்க!

உங்களுக்குப் புரியல, இல்ல? முழிக்கிறீங்க. சொல்றேன். எங்க வாத்தியார் அருணாசலம்னு ஒருத்தர். பெரிய ஞானஸ்தன். எனக்கு ஆறு வயசுல அவர்கிட்டச் சேத்துவிட்டாங்க. தட்டிக்கிட்டே இருப்பார், நாங்க ஆடிக்கிட்டே இருப்போம். யாருக்காவது காலு தப்புச்சுன்னா தட்டுறது நின்னுரும். நின்ன அடுத்த நொடி கழி பறந்து வரும். யார் மேலன்னு தெரியாது. அதனால தட்டுற வரைக்கும் ஒண்ணுமில்ல, கழி மனை மேலதான் இருக்கு. சத்தம் நின்னுச்சுன்னா அது கெளம்பிருச்சுன்னு அர்த்தம். இங்க பாருங்க, கணுக்கால்ல. தெரியுதா, எலும்பு கொஞ்சம் மேடா இருக்கு பாருங்க. அப்ப கட்டுக் கட்டிக்கிட்டே ஆடுனேன். அதனாலதான் எனக்கு இந்தத் தாளம் வந்துச்சு. அடிச்சாரே தவிர, பாசம்மா. எனக்கு என்ன ஆயிப் போச்சு? நல்லாத்தானே இருக்கேன்?

அந்தக் கழிதான் இது. வாத்தியார் காலமானப்ப, அவர் மகன் கேட்டார், அப்பா ஞாபகமா உங்களுக்கு எது வேணும்னு. வெள்ளிச் சலங்கை இருந்துச்சு, தம்புரா இருந்துச்சு, படம் இருந்துச்சு. நான் இதைக் கேட்டேன். எதுக்குன்னா, வேற யார் கையிலயும் இது போயிரக் கூடாது. எங்கிட்டயே இருக்கட்டும்னு ஒரு இது. பக்திதான், வேறென்ன?

இதை நான் ஜெசிந்தாகிட்டயும் சொன்னேன், நான் ஏன் நிறுத்தலன்னு விளக்கணும்ல? கேட்டுட்டு அவ, "இதை ஒருநாள் நம்ம குரூப்ல பேசலாமாம்மா?"ன்னா. "எதைப் பேச? தாளத்தைப் பத்தியா?"ன்னு கேட்டேன். "இல்லம்மா, உங்களைப் பத்தி"ங்கிறா. நான் அங்க சிகிச்சை குடுக்கப் போனவம்மா, வாங்கப் போனவ இல்ல. அதை அவகிட்ட மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.

சரி, அதுக்கப்புறம் ஒரு நிபந்தனை. கழியை ஹாலுக்குள்ள கொண்டு வரக் கூடாது. நான் என்ன பண்ணேன், வாராவாரம் கொண்டுபோயி சமையக்கட்டு வாசல்ல சாத்தி வச்சிட்டு, வெறுங்கையோட உள்ள போவேன். வீட்டுலயே வச்சிட்டு வரலாம்ல, அப்பிடின்னு ஜெசிந்தா கேட்டா. வைக்க மாட்டேன்னேன். நான் டான்ஸ் டீச்சர், கழி இல்லாம வீட்டை விட்டு எறங்க மாட்டேன். போலீஸ்காரன் தொப்பி இல்லாம வருவானா?

வெறுங்கையோட ஹால்ல உக்காந்தா எனக்கு ஒண்ணுமே ஓடல. கையால தட்டுனா அது தாளமா? பிள்ளைக பாட்டுப் போட்டு அதுக பாட்டுக்கு ஆடும், புரளும், துணியைச் சுத்தும். நான் கண்ணாடியா உக்காந்திருப்பேன். மேகலா சுவத்துல சாஞ்சு நின்னு என்னையவே பாப்பா. நடுவுல ஒருதடவை வெளிய ஓடிப் போயிட்டு வருவா. எங்க போறான்னு ஒருநாள் எட்டிப் பாத்தேன். சமையக்கட்டு வாசலுக்குப் போயி, கழி அங்கதான் இருக்கான்னு பாக்குறா. பாத்துட்டுத் திரும்பி வந்து சுவத்துல சாஞ்சுக்கிறா. வாராவாரம் இதே வேலை. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். பாத்தியா, பிள்ளைக்குத் தாளத்து மேல ஆசை வந்துருச்சு, நம்ம கழி இழுக்குதுன்னு.

அப்புறம் ஒருநாளு, வகுப்பு முடிஞ்சு வந்து பாக்குறேன், சாத்தி வச்ச எடத்துல கழி இல்ல. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வாத்தியார் கழி. சமையக்காரம்மாகிட்டக் கத்துனேன், விறகுன்னு அடுப்புல வச்சிட்டீங்களான்னு. அந்தம்மா கேஸ் அடுப்புல எங்கங்க விறகுன்னு கேட்டாங்க. தோட்டம் பூராத் தேடிக்கிட்டுப் போறேன், பின்பக்கமிருந்து சத்தம் கேக்குது. டொக், டொக், டொக்.

மேகலா. துவைக்கிற கல்லு முன்னாடி நிக்கிறா. ரெண்டு கையாலயும் கழியைப் பிடிச்சுக்கிட்டு, தலைக்கு மேல தூக்கி, கல்லுல போடுறா போடு. பல்லைக் கடிச்சுக்கிட்டு. தாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு மேல அடிச்சா கழி பொளந்துராதா? "ஏய்"னு ஓடுனேன். பின்னாடியே வந்த ஜெசிந்தா என் முந்தானையைப் பிடிச்சு நிறுத்திட்டா. "பாருங்க, பின்னால சுவர் இல்ல"ன்னு காதுல சொல்றா. நான் சுவத்தையா பாத்தேன், எனக்கு என் கழிதான் கண்ணுல தெரியுது.

அப்ப மேகலா எங்களைப் பாத்துட்டா. தட்டுறதை நிறுத்திட்டா.

கழி மேலயே நிக்குது, கை எறங்கல. சத்தமே இல்ல. எனக்கு... மயக்கம் மாதிரி வந்துச்சும்மா. வெயிலு. காலையிலயும் சரியாச் சாப்பிடல. காலை இழுத்துக்கிட்டு அப்பிடியே தரையில உக்காந்துட்டேன், கை ரெண்டும் கணுக்காலை மூடிக்கிட்டு. வெயிலுக்கு உக்காந்ததை வேற என்னமோன்னு நெனச்சிட்டா அந்தப் பிள்ளை. கழியை மெதுவா எறக்கிக் கல்லு மேல வச்சிட்டு, எங்கிட்ட வந்து, குனிஞ்சு என் மூஞ்சியைப் பாத்து, "அடிக்க மாட்டேன் டீச்சர்"ங்கிறா.

என்னையப் பாத்துச் சொல்றா! அடிக்க மாட்டேனாம்! எனக்கு அழுகையா வந்துருச்சு. கோவத்துல வந்த அழுகை. இத்தனை வருசமா இதைக் கையில வச்சிருக்கிறவ நான், எனக்கு ஒரு சுண்டக்கா சமாதானம் சொல்லுது. இத்தனைக்கும் எங்கிட்ட அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்ல.

திரும்பப் போயிக் கழியை எடுத்தா. இப்ப ரெண்டு கை இல்ல, ஒரு கை. மெதுவாத் தட்டுறா. டொக். டொக். "ஆடுங்க"ன்னா. நான் ஜெசிந்தாவைப் பாத்தேன். அவ ஒரு ஓரமா நகந்து எடம் விட்டா. எந்திரிச்சு, சேலையைச் சொருகிக்கிட்டு ஆடுனேன். தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல, சேத்துல. தாளம் கோணலு, ஒரு தட்டு சீக்கிரம், ஒரு தட்டு லேட்டு. நான் அதுக்கு ஏத்தபடி ஆடுறேன். நடுவுல "முதுகு!"ன்னு ஒரு அதட்டு. நான் சொல்றதை எல்லாம் சுவத்துல சாஞ்சுக்கிட்டுக் கேட்டு வச்சிருக்கா பாருங்க கழுதை. "இன்னும் கீழ உக்காருங்க"ங்கிறா. இந்த முட்டியை வச்சிக்கிட்டு உக்காந்தேன். வேணும்னே தட்டுறதை நிறுத்துவா. நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாப்பா. "அடிக்க மாட்டேன், ஆடுங்க"ம்பா. திரும்பத் தட்டுவா. சிரிக்கிறா. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன், முன்பல்லு ஒண்ணு இல்ல. மத்த பிள்ளைக எல்லாம் வந்து சுத்தி நின்னு கை தட்டுதுக. நான் எத்தனையோ மேடையில ஆடியிருக்கேன். அந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடுனதில்ல, அதையும் சொல்லணும்.

அப்பத்தான் வார்டன் அம்மா வந்தாங்க. ஆயுதம்னு சொன்னது அவங்கதான். "சமையக்கட்டுல கத்தியைக்கூட நாங்க பூட்டி வைக்கிறோம், நீங்க பிள்ளை கையில தடியைக் குடுத்து வேடிக்கை பாக்குறீங்களா? நாளைக்கு இன்னொரு பிள்ளை மண்டையை இது பொளந்தா யாரு பதில் சொல்றது?" ஒரே கத்து. கழியை அவ கையில இருந்து பிடுங்கி எங்கிட்ட எறிஞ்சாங்க. மேகலா அந்த நிமிசமே தொட்டிச் சுவத்துல போயி ஒட்டிக்கிட்டா. அத்தனை நேரம் நடு முத்தத்துல நின்ன பிள்ளை.

ஜெசிந்தா மன்றாடித்தான் என்னைத் திரும்ப விட்டாங்க. ஆனா கழி காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது, சமையக்கட்டு வாசல்கூடக் கூடாது. ஜெசிந்தாவும் சொல்லிட்டா, "இனிமே அதைக் கொண்டு வந்தா உங்க பயிற்சியை நான் நிறுத்தித்தான் ஆகணும்மா, என் கையில எதுவும் இல்ல"ன்னு. இன்னைக்குத்தான் கடைசி வகுப்பு. இது ஒழுங்கா முடிஞ்சா கையில சர்டிபிகேட்டு.

போன வாரம் நான் கழி இல்லாமத்தான் போனேன். ஆமா, நானும் பயந்துதான் போனேன், சர்டிபிகேட்டுக்கு. மேகலா சுவத்துல சாஞ்சு நிக்கிறா. கிட்டப் போனேன். "எங்க?"ன்னா. வீட்டுல இருக்குன்னேன். "நான் தட்டுனதுக்கா கொண்டு வரல?"ன்னு கேக்குறா. தான் தப்பா ஆடுனதாலதான் எல்லாம் வந்துச்சுன்னு நெனைக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்மா. எப்பிடித் தெரியும்னு கேக்காதீங்க, தெரியும், அவ்வளவுதான். "இல்லடி கண்ணு, அடுத்த வாரம் கொண்டாரேன்"னு சொல்லிட்டேன். அவ நம்பல. தலையைக்கூட ஆட்டல.

இப்ப சொல்லுங்க, நான் கொண்டு போகணுமா வேண்டாமா? சர்டிபிகேட்டு போனாப் போகட்டும். திருத்தக் கூடாதுன்னு சொன்ன படிப்புதானே, அது என்னையத் திருத்திட்டுப் போகுமா? உள்ள விடலன்னா கேட்டுக்கு வெளிய நிப்பேன். வெளிய நிக்கிறதுக்கு எந்த வார்டனும் எனக்கு உத்தரவு தர வேண்டாம், அது கவர்மெண்டு ரோடு. மேகலா கம்பி வழியாக் கையை நீட்டட்டும், கழியைக் குடுப்பேன். கேட்டுக் கம்பியிலயே தட்டட்டும். நான் ரோட்டுல ஆடுறேன். லாரிக்காரன் பாக்கட்டும், பஸ்ஸுல போறவன் பாக்கட்டும், எனக்கென்ன வெக்கம்? ஜெசிந்தா உள்ள இருந்து என்ன எழுதிக்கிட்டாலும் எழுதிக்கட்டும்.

பிள்ளைக்காகவான்னு கேக்குறீங்க. பிள்ளைக்காகவும்தான். ஆனா முக்கியமா இதோட மானத்துக்காக. இது அடிக்கிற சாமான் இல்லன்னு நாலு பேருக்குத் தெரியணும். வாத்தியார் பேரு இருக்குல்ல. அதுபோக, அவ கை கொஞ்சம் கோணலாத்தான் விழுது, மணிக்கட்டைத் திருத்தணும். திருத்த மாட்டேன், பயப்படாதீங்க. சொல்ல மட்டும்தான் செய்வேன்.

அய்யோ, பேச்சுல எடமே வந்துருச்சு. அந்தா, புளியமரம் தாண்டி நீலக் கலர் கேட்டு தெரியுது பாருங்க, அதான். கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியுதா? சின்ன உருவம். இந்தக் கண்ணாடியை மாத்தணும், சரியாத் தெரியல. கண்டக்டர் தம்பி, விலக்குல ஆள் எறங்கணும், நிறுத்தச் சொல்லுங்க!

இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா, நான் பையை மாட்டிக்கிறேன். தட்டுமனை கனக்கும், அது எங்கிட்டயே இருக்கட்டும், நீங்க கழியை மட்டும்... ஏம்மா, அப்பிடித் தூக்காதீங்க! கீழ, கீழ பிடிங்க!

இல்ல, ஒண்ணுமில்ல. பஸ்ஸு குலுங்குச்சு. மேல கம்பியைப் பிடிக்கத்தான் கையைத் தூக்குனேன், அது முகத்துப் பக்கம் வந்துருச்சு. எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன். என்னம்மா அப்பிடிப் பாக்குறீங்க? ஏதோ சொல்ல வர்றீங்க, தெரியுது. வேண்டாம். நீங்களும் மேகலா சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லிராதீங்க. குடுங்க இப்பிடி, பிள்ளை நிக்கிறா.